முதலில் ஜாடி, பிறகு பேர்

நாட்டுமருந்துக் கடைக்காரர் ஜாதிக்காயைப் பாக்குவெட்டிக்குள் வைத்து ஒரே அழுத்தில் இரண்டாக்கி என் பக்கம் நீட்டினார். "பூச்சி இருக்கான்னு நீங்களே பாத்துக்கங்கம்மா." நான் பூச்சியைத் தேடவில்லை. வெட்டுமுகத்தில் வெளிறிய மண்நிறம். அதற்குள் கரும்பழுப்பு வரிகள் நெளிந்து கிளைவிட்டு ஓடின. "ஈரல்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "அது கறிக்கடையிலதாம்மா கிடைக்கும்" என்றார் அவர், சிரிக்காமல்.

மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கும் வீடு. உரைமருந்துக்கு ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு, சுக்கு என்று சம்பந்தியம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். பச்சைக் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்பது டாக்டராக என் கட்சி. அவரோ நான்கு பிள்ளைகளையும் உரைமருந்து கொடுத்தே வளர்த்தவர். வாங்கி வருவது மட்டும் என் வேலை, கொடுப்பதா வேண்டாமா என்பது மகள் பாடு என்று ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தோம். திரும்பி வரும் வழியில் சம்பந்தியம்மாவை மறந்துபோனேன். எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடத்துப் பேத்தாலஜி மியூசியம் வந்து உட்கார்ந்துகொண்டது.

தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் அந்த மியூசியம் மாடியில் இருந்தது. நீள மண்டபம், இரண்டு பக்கமும் மர அலமாரிகள், அவற்றில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். கதவைத் திறந்ததும் ஃபார்மலின் கண்ணைக் கரிக்கும். வெறும் ஃபார்மலினில் போட்டால் எந்த உறுப்பும் நிறம் செத்துச் சாம்பலாகிவிடும். கைசர்லிங் என்ற ஜெர்மானியர் அதற்கு ஒரு வழி கண்டிருந்தார். ஃபார்மலினோடு சில உப்புகளைச் சேர்த்து முதல் ஊறல், நிறம் திரும்புவதற்குச் சாராய முழுக்கு, கடைசியில் கிளிசரின் கலந்த நீரில் நிரந்தரக் குடித்தனம். அப்படியும் பழைய ஜாடிகள் வெளுத்துத்தான் இருந்தன. ஜாடிகளைத் துடைத்து, நீர் குறைந்தால் ஊற்றி, மூடி கசிந்தால் அடைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் அட்டெண்டர் இருந்தார். நாங்கள் 'அண்ணே' என்போம். அவர் எங்களைத் 'தம்பி', 'பாப்பா' என்பார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் லேபிள் உரிந்துபோன ஜாடியைக்கூட எட்ட நின்று பார்த்தே இது கிட்னி, இது மண்ணீரல், இதில் கல் இருக்கிறது, இதில் கட்டி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

எங்கள் பேராசிரியைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஜாடியைக் கையில் கொடுத்தால் நோயின் பேரை முதலில் சொல்லக் கூடாது. இது எந்த உறுப்பு, எதை வைத்துச் சொல்கிறாய், அளவு எப்படி, மேற்பரப்பு வழவழப்பா முடிச்சு முடிச்சா, வெட்டுமுகத்தின் நிறம் என்ன, கெட்டுப்போன இடத்துக்கும் நல்ல இடத்துக்கும் நடுவே கரை தெளிவாக இருக்கிறதா. இத்தனையும் சொன்ன பிறகுதான் பேர். "பேரை நீ சொல்லாதே, ஜாடியைச் சொல்ல விடு" என்பார். ஒரு நாள் எங்கள் வகுப்பின் மனப்பாடப் புலி ஒருவன் ஜாடியை வாங்கிய கையோடு "நட்மெக் லிவர், மேடம்" என்றான். சரியான விடைதான். "நட்மெக் பார்த்திருக்கியா?" என்று கேட்டார். அவன் விழித்தான். மறுநாள் அந்த ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தின் மேல் அரை ஜாதிக்காய் இருந்தது. அண்ணன்தான் கடைவீதியில் வாங்கி வந்து, பிளந்து வைத்திருந்தார்.

அன்று எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். இதயத்தின் வலப்பக்கம் சோர்ந்து போனால் ரத்தம் மேலே ஏற வழியில்லாமல் ஈரலின் நரம்புகளில் தேங்குகிறது. ஈரல் என்பது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னச் சின்ன வட்டாரங்களால் ஆனது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிரை. தேங்கும் ரத்தத்தில் முதலில் மூழ்குவது அந்த நடுப்பகுதி, அது கருஞ்சிவப்பாகிறது. ஓரத்துச் செல்கள் கொழுப்பு ஏறி வெளிறுகின்றன. கறுப்பு, வெளுப்பு, கறுப்பு என்று ஈரல் முழுக்க அந்தக் கோலம் படர்கிறது. ஜாதிக்காயையும் ஜாடியையும் சேர்த்து வைத்துப் பார்த்தவனுக்கு இந்தப் பாடத்தை மறக்க வழியில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து மெடிக்கல் வார்டில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு மாற்றி மூட்டு வீங்கும் காய்ச்சலும் வந்து போயிருந்தன. ருமாட்டிக் காய்ச்சல். போகும்போது அது மைட்ரல் வால்வைச் சுருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. அவள் கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தது. வலது விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்தியபோது முகத்தைச் சுளித்தாள். என் விரலுக்கடியில் இருந்தது அந்த ஈரல்தான். இன்னும் ஜாடிக்குப் போகாத ஈரல். "வயித்துல என்னக்கா இருக்கு?" என்று கேட்டாள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் நான் அக்கா. நட்மெக் லிவர் என்று அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? "இதயத்துல ஒரு கதவு சரியாத் திறக்கலம்மா. ரத்தம் பின்னால தேங்கி ஈரலை வீங்க வச்சிருக்கு. கதவு சரியானா வீக்கம் வத்தும்" என்றேன். மேடத்திடம் ஜாடிக்குச் சொல்லிப் பழகிய வரிசையே தமிழில் வந்து விழுந்திருந்தது. அந்தக் காலத்தில் அந்த வால்வை விரிக்க மார்பைத் திறக்க வேண்டும். 1980-களில் ஜப்பானின் இனூவே காட்டிய வழியில், தொடை நரம்பு மூலம் பலூனை அனுப்பி விரிப்பது பின்னால் வந்தது.

பேத்தாலஜிச் சொற்களில் பாதி சமையற்கட்டிலிருந்து வந்தவை என்பதை ஹாஸ்டல் மெஸ்ஸில்தான் கண்டுபிடித்தோம். ஐரோப்பிய டாக்டர்கள் பிணத்தை அறுத்த கையோடு சாப்பிடப் போயிருப்பார்கள் போல. காசநோயில் அழுகிய திசு பாலாடைக்கட்டி. அது ரத்தத்தில் பரவி உடம்பெங்கும் பொரிப் பொரியாக வந்தால் மிலியரி, அதாவது தினை அளவு. அமிலாய்டு படிந்த மண்ணீரல் ஜவ்வரிசி. கொலஸ்ட்ரால் படிந்த பித்தப்பை ஸ்ட்ராபெர்ரி. கருப்பை உள்சவ்வு இடம் மாறிக் கருமுட்டைப் பையில் உட்கார்ந்தால் சாக்லேட் கட்டி. காலராவுக்கு அரிசி கழுவிய தண்ணீர். தர்மபுரிக்காரன் தினையை விளக்கினான். சேலத்துக்காரிக்கு ஜவ்வரிசி வீட்டுத் தொழில். ஈர மாவு மணியாக உருண்டு வருவதை அவள் கையால் காட்டியபோது மண்ணீரலின் வெட்டுமுகத்தில் மணி மணியாக மினுங்குவது என்னவென்று புரிந்தது. ஸ்ட்ராபெர்ரியை ஊட்டிக்காரன் ஒருவன்தான் கண்ணால் பார்த்திருந்தான்.

மாட்டிக்கொண்டது 'ஆன்சோவி சாஸ்'. அமீபா ஈரலைத் தின்று உண்டாக்கும் சீழ் அந்த நிறத்தில் இருக்கும் என்று புத்தகம் சொன்னது. ஆன்சோவி என்பது நெத்திலிதான் என்று தூத்துக்குடித் தோழி கண்டுபிடித்தாள். ஆனால் அவள் வீட்டில் நெத்திலி வறுவலாகவும் கருவாட்டுக் குழம்பாகவும்தான் வரும், சாஸாக வந்ததில்லை. குழம்பின் நிறமா, வறுவலின் நிறமா என்று ஒரு ராத்திரி முழுக்க வழக்கு நடந்தது. தீர்ப்பு வார்டில் கிடைத்தது. தினமும் கள்ளுக் குடிக்கும் பெரியவர் ஒருவருக்கு ஈரலில் ஊசி போட்டு உறிஞ்சினார்கள். சிரிஞ்சில் ஏறியது செங்காவிப் பழுப்பு. குழம்பு கட்சி ஜெயித்தது. பெரியவருக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டது.

ஜவ்வரிசி மண்ணீரலில் படிந்திருப்பதற்கு அமிலாய்டு என்று பேர் வைத்தவர் ஜெர்மானியரான ருடால்ஃப் விர்ஷோ. அயோடின் விட்டதும் அது மாவுப்பொருள்போல நிறம் மாறியது. அதனால் மாவு போன்றது என்று பொருள்பட அமிலாய்டு என்றார். சில ஆண்டுகளிலேயே, 1859-ல், அது மாவே இல்லை, புரதம் என்று தெரிந்துவிட்டது. பேர் மட்டும் போகவில்லை. 1858-ல் வந்த அவருடைய செல் நோயியல் நூல்தான் நோயை உடம்பின் ரசங்களிலிருந்து எடுத்துச் செல்லுக்குள் வைத்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு மேல் சிலீசியாவில் டைஃபஸ் பரவியபோது, அரசு அவரை விசாரிக்க அனுப்பியது. பசியும் படிப்பின்மையும் மோசமான ஆட்சியும்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்த மனிதர் தலையை நிமிர்த்தவும் தெரிந்தவர் என்பதற்காகவே மேடத்துக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் மைக்ராஸ்கோப்புக்கு விளக்குக் கிடையாது. ஒற்றைக் கண் குழாய், அடியில் ஒரு குழிக் கண்ணாடி. ஜன்னலோரம் வைத்து, கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெயிலைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டும். மேகம் மறைத்தால் மொத்த வகுப்புக்கும் இருட்டு. அப்படி ஒரு மேகம் விலகிய நேரத்தில்தான் காசநோய் முடிச்சைக் கண்டேன். நடுவில் உருவமே இல்லாத இளஞ்சிவப்புப் பரப்பு, செத்துக் கூழான திசு. அதைச் சுற்றிச் செருப்படி போல் நீண்ட உட்கருக்களோடு எபிதீலியாய்டு செல்கள். வெளிவட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு லிம்போசைட்டுகள், நீலப் புள்ளிகளாக. இடையே ஒரு ராட்சதச் செல். அதன் உட்கருக்கள் விளிம்போரமாகக் குதிரை லாடத்தின் வடிவில் வரிசை கட்டியிருந்தன. கிருமியை ஒழிக்க முடியாத உடம்பு அதைச் சுற்றிப் போட்ட வேலி அது. கிரானுலோமா என்று பேர்.

அந்த ராட்சதச் செல்லுக்குத்தான் எல்லா வாய்மொழித் தேர்விலும் கண்ணி வைத்திருப்பார்கள். அது லாங்ஹான்ஸ் செல். 1868-ல் தியோடர் லாங்ஹான்ஸ் விவரித்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளையும் தோலில் ஒரு வகைச் செல்லையும் கண்டவர் பால் லாங்கர்ஹான்ஸ். இரண்டு பேரும் ஜெர்மானியர், இரண்டு பேரும் ஒரே காலம். பதற்றத்தில் ஒரு 'கர்' கூடிவிட்டால் வெளித்தேர்வாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "அப்படியா, அப்ப சர்க்கரை வியாதி பற்றிப் பேசுவோம்" என்பார். எங்கள் வகுப்பில் ஒருத்தி தப்பித்த விதம் அழகு. பேர் நாக்கில் வராமல் நின்றபோது, "உட்கருக்கள் லாட வடிவில் விளிம்பில் இருக்கிற ராட்சதச் செல், சார்" என்று செல்லையே வர்ணித்துவிட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ரத்த வகுப்புகளில் நாங்களே நோயாளிகள், நாங்களே டாக்டர்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரர் விரலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். ஹீமோகுளோபின் பார்க்கச் சாலி முறை. கண்ணாடிக் குழாயில் நீர்த்த அமிலத்தை விட்டு ரத்தத்தைக் கலந்தால் பழுப்பாகும். பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். ஒருவர் கண்ணுக்கு ஒத்த நிறம் இன்னொருவர் கண்ணுக்கு ஒக்காது. வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ண லீஷ்மன் சாயம். ஒரு நாள் கும்பகோணம் பக்கத்து நண்பனின் ஸ்லைடில், பார்க்கிற இடமெல்லாம் ஆரஞ்சுச் சிவப்பு மணிகள் நிறைந்த ஈசினோஃபில்கள். நூற்றுக்கு ஐந்தாறைத் தாண்டக் கூடாதவை பாதிக்கு மேல் இருந்தன. சாயம் சரியில்லை என்று இன்னொரு ஸ்லைடு போட்டோம், அதிலும் அப்படியே. அவன் மாதக்கணக்கில் ராத்திரிகளில் இருமிக்கொண்டிருந்தான். திருட்டுத்தனமாகப் புகை பிடிக்கிறான் என்றுதான் வார்டன் நம்பிக்கொண்டிருந்தார். யானைக்கால் நோயின் புழுவுக்கு நுரையீரல் காட்டும் ஒவ்வாமை அது, டிராபிக்கல் ஈசினோஃபிலியா. மூன்று வார மாத்திரையில் இருமல் நின்றது. வார்டனிடம் அந்த ஸ்லைடைக் காட்டப் போகிறேன் என்று அவன் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ரெக்கார்டு நோட்டும் அந்தக் கண் பயிற்சியைச் சேர்ந்ததுதான். ஹீமட்டாக்சிலின் உட்கருவை ஊதாவாக்கும், ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். ஆகவே எல்லாப் படத்துக்கும் இரண்டே பென்சில். ரெக்கார்டு கொடுக்கும் வாரத்தில் கல்லூரி வாசல் கடையில் ஊதாவும் ரோஸும் தீர்ந்துபோகும். பச்சையும் மஞ்சளும் சீண்டுவாரில்லாமல் கிடக்கும். வளையலை வைத்து வட்டம் போட்டு, அதற்குள் ஒவ்வொரு உட்கருவாக வரைவோம். வரைந்த கைக்குத்தான் தெரியும், சாதாரணத் திசுவில் உட்கருக்கள் ஒரே அளவில், ஒரே திசையில் அமைதியாக இருப்பதும், புற்றில் ஒன்று பெரிது, ஒன்று கோணல், ஒன்று கருத்தது என்று ஒழுங்கு குலைவதும்.

இந்த ஒழுங்கையும் குலைவையும் சொல்லும் சொற்படிக்கட்டில்தான் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவார்கள். செல் பெருத்தால் ஹைப்பர்ட்ரோஃபி. ரத்தக் கொதிப்புக்காரரின் இதயத்தசை அப்படி. எண்ணிக்கை கூடினால் ஹைப்பர்பிளேசியா. வயதானவரின் புராஸ்டேட் அப்படி. ஒரு வகைச் செல் இருந்த இடத்தில் இன்னொரு வகை வந்து உட்கார்ந்தால் மெட்டாபிளேசியா. புகைப்பவரின் மூச்சுக்குழாய் அப்படி. ஒழுங்கு குலைய ஆரம்பித்தால் டிஸ்பிளேசியா. குலைவு முழு அடுக்கையும் பிடித்தும் அடிச்சவ்வைத் தாண்டாமல் நின்றால் இருந்த இடத்துப் புற்று. சவ்வை உடைத்துக் கீழே இறங்கிய பிறகுதான் ஊடுருவும் புற்று. பாபனிகோலாவ் கண்டுபிடித்த, கருப்பை வாய்க்கான பாப் ஸ்மியரின் பயன் முழுக்க இந்தப் படிகளுக்கு நடுவில் இருக்கிறது. இறங்குவதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் நான் கிளினிக் வைத்திருந்த காலத்தில், திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா முந்தானையில் முடிந்த காகிதத்தோடு வந்தார். முகாமில் எடுத்த ஸ்மியர். ரிப்போர்ட்டில் 'ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா' என்று இருந்தது. திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போனில் யாரோ படித்துக் காட்ட, அவன் தெரிந்தவர்களைக் கேட்க, சேதி புற்றுநோயாகத் திரும்பி வந்திருந்தது. இரண்டு ராத்திரி அவர் தூங்கவில்லை. "கருப்பை வாயில ரெண்டு விதச் சவ்வு சேர்ற இடம் ஒண்ணு இருக்கும்மா. மெல்லிசு இருந்த இடத்துல கெட்டியானது வளந்திருக்கு. பிள்ளை பெத்த வயசுக்காரங்க நெறயப் பேருக்கு இது சாதாரணம். செல்லெல்லாம் வரிசையா ஒழுங்கா இருக்குன்னுதான் எழுதியிருக்காங்க" என்றேன். "ஒழுங்கா இருக்குன்னா எழுதியிருக்கு?" என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன். காகிதத்தைத் திரும்ப முடிந்துகொள்ளாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

இப்போது என் உடன்பிறந்த அண்ணனின் மகள் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடம் படிக்கிறாள். 2019-ல் பாடத்திட்டம் மாறியதிலிருந்து இந்தப் பாடங்களுக்கு எங்களுக்குக் கிடைத்த ஒன்றரை வருட நிதானம் அவர்களுக்கு இல்லை. ஸ்லைடு கணினித் திரையில் விரிகிறது. மேகம் மறைக்காது, பத்துப் பேர் சேர்ந்து பார்க்கலாம். ஹீமோகுளோபினை மெஷின் சொல்கிறது. கண்ணுக்குக் கண் சண்டை இல்லை. இதெல்லாம் நல்லதற்குத்தான். எங்கள் காலத்துப் பாய்டு புத்தகத்தை வைத்துப் படித்தவர்களுக்கு அபாப்டோசிஸ் புதுச் சொல். 1972-ல் கெர், வில்லி, கரி என்ற மூவர் அதை அச்சில் கொண்டுவந்தார்கள். செல் தன்னைத் தானே ஒழுங்காக முடித்துக்கொள்வதற்குப் பேர். அவளுக்கு அது முதல் வாரப் பாடம். நான் அவளிடம்தான் அதன் நுணுக்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

"அத்தை, எக்ஸாமுக்கு முக்கியமான டெர்ம்ஸ் ஒரு லிஸ்ட் குடுங்க" என்று கேட்டாள். போனில் அவளிடம் ஆயிரக்கணக்கில் அட்டைகள் இருக்கின்றன. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் விளக்கம். நான் இருபது மட்டும் எழுதிக் கொடுத்தேன். நெக்ரோசிஸ், அபாப்டோசிஸ், கிரானுலோமா, த்ராம்பஸ், எம்போலஸ், இன்ஃபார்க்ட், எடீமா, மெட்டாபிளேசியா, டிஸ்பிளேசியா, மெட்டாஸ்டாசிஸ் என்று போகும் பட்டியல். ஒரு நிபந்தனை: ஒவ்வொன்றையும் உன் அப்பத்தாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும், எப்படி இருக்கும், எதனால் ஆனது என்று, சொல்லி முடித்த பிறகுதான் பேர். "அதுக்கு மார்க் இல்ல அத்தை" என்றாள். "மார்க் இல்ல, வேலை இருக்கு" என்றேன்.

போன வாரம் அவள் த்ராம்பஸுக்கும் எம்போலஸுக்கும் வந்திருந்தாள். இரண்டையும் விளக்கியவர் அதே விர்ஷோதான். நுரையீரலில் அடைத்திருக்கும் ரத்தக்கட்டி அங்கே பிறந்ததில்லை, காலில் பிறந்து ஓட்டத்தில் வந்து மாட்டியது என்று காட்டியவர். அவள் அப்பத்தாவுக்குச் சொன்னாள்: ஆபரேஷன் ஆகி நாளெல்லாம் படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும், நரம்புச் சுவரோடு ஒட்டிக்கிடக்கும்வரை ஒன்று, பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் இன்னொன்று. பேர் வரைக்கும் கிழவி அவளைப் போகவிடவில்லை. "அப்ப ஆபரேஷன் ஆனவங்கள மறுநாளே பிடிச்சு நடக்க வைக்கணும்ல?" என்று கேட்டிருக்கிறார்.

புத்தகத்தில் அடுத்த தலைப்பே அதைத் தடுப்பது எப்படி என்பதுதானாம். அவள் அந்தப் பக்கத்தை இன்னும் திருப்பியிருக்கவில்லை.